கறுவாத்தோட்டத்தில் இளவேனில்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் ரொறன்ரோவிலிருக்கும் என் மைத்துனர் படம் அனுப்பத் தொடங்கிவிடுவார். உருகிக்கொண்டிருக்கும் பனிக்கு நடுவே தலைநீட்டும் ஊதா நிறக் குரோக்கஸ் பூக்கள், கூடவே, ஆண்டுதோறும் மாறாத அதே கேள்வி: "உங்கட ஊரில வசந்தம் எப்ப?" ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணிநேர வேறுபாடுகூட இல்லாத கொழும்பிலிருந்து அதற்கு விடை சொல்வது எளிதல்ல. ஆயினும் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம்மவர்கள் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றுதானே வைத்தார்கள்? அந்த இளவேனில் இந்த நகரத்தில் முதலில் எந்த மரத்தில் வந்து இறங்குகிறது என்று பார்த்துவிடுவோம் என்று, பங்குனி நடுப்பகுதியில் கமராவைத் தூசி தட்டி எடுத்தேன்.

முதல் நாள் வீணாகப் போயிற்று. வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோ பிடித்துக் கொழும்பு 7இல் சுதந்திர சதுக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து நிற்கும்; அதற்குச் சில நாட்களே இருந்தபடியால் மரங்களின் நிழல் அவற்றின் காலடியைத் தாண்டவில்லை. வெளுத்துக் கிடந்த வானத்தின் ஒளியை அளந்த கமரா, அதற்கு ஏற்றபடி எல்லாவற்றையும் இருட்டடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கிய மரங்கள் யாவும் புகை படிந்த ஒட்டடைபோல் தெரிந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு காலை 6.15க்கே போய்விட்டேன். கறுவாத்தோட்டம் என்று பெயரளவில் மட்டும் கறுவாவைத் தக்கவைத்திருக்கும் இந்தப் பகுதியின் வீதிகளை, மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆட்கொள்ளும் மரத்தைச் சிங்களத்தில் ரொபரோசியா என்பார்கள். தாவரவியலில் அதன் பெயர் தபேபுயா ரோசியா. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம் இது. எல் சல்வடோருக்குத் தேசிய மரமும்கூட. ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் வறட்சியில் இலைகளை உதிர்த்துவிட்டு, மழை வருவதற்கு முன்னரே வெறுங்கொப்பில் பூக்கிறது. 1948இல் கிடைத்த சுதந்திரத்தின் நினைவாக எழுப்பப்பட்ட மண்டபத்தின் கல்தூண்களுக்கு முன்னால் அந்த நிறத்தைப் பார்க்கும்போது, வந்தேறி மரம் என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை.

நடைபாதையில் பூக்கள் முழுசு முழுசாக உதிர்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஊதுகுழல் போன்ற உடல். விளிம்பில் ஐந்து மடல்கள், ஒவ்வொன்றிலும் நெடுநாள் பெட்டிக்குள் மடித்து வைத்த சேலையின் சுருக்கம். சில பூக்களின் தொண்டை நல்ல மஞ்சள். வேறு சிலவற்றில் அது வெளிறிப் போயிருந்தது. ஈர்க்கு விளக்குமாற்றால் அவற்றைக் குவித்துக்கொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளி, நான் குனிந்து படமெடுப்பதைக் கண்டு கையை நிறுத்திவிட்டு, "ஆறுதலாக எடுங்கள், பத்து நிமிடத்தில் இன்னொரு குவியல் விழும்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். அவர் பேச்சு உண்மைதான். இம்முறை வெளுத்த வானத்தைத் தவிர்த்து, பின்னால் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் கரும்பச்சையைப் பின்னணியாக்கினேன், நிறம் பிடிபட்டது.

அங்கிருந்து விகாரமகாதேவி பூங்காவுக்குப் போனோம். முன்பு விக்டோரியா பூங்கா என்று வழங்கிய இடம். எதிரே வெள்ளை நகர மண்டபம். அங்கேயும் அதே மரங்கள், அவற்றின் கீழே திருமணப் படப்பிடிப்புக்கு வரிசையில் நிற்கும் இணைகள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. வழியில் ஒரு கொன்றையைப் பார்த்தோம். பச்சை மணிகளாக மொட்டுச்சரம் தொங்கிற்றேயன்றிப் பூ இன்னும் விரியவில்லை. பழந்தமிழ்ப் பாட்டில் கார்காலத்துக்குரிய கொன்றை, இங்கே சித்திரை வெயிலில் பூத்து வெசாக் வரைக்கும் மஞ்சளாய்த் தொங்கும்.

பூ என்று நான் தேடியதெல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு வெள்ளவத்தைக்குத் திரும்பி, கடற்பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இறங்கி நடந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பழைய வீடொன்றின் மதிலோரம் ஒரு முள்முருக்கு. இலை ஒன்றுகூட இல்லை. கூம்பு கூம்பாகக் கருமுட்கள் நிறைந்த கொப்புகளின் நுனியில் பவளச் சிவப்பில் பூங்கொத்துகள். பெரிய இதழ் ஒன்று தோணிபோல் வளைந்திருக்க, அதற்குள்ளிருந்து மகரந்தக் கம்பிகள் வெளியே நீண்டிருந்தன. சிங்களத்தில் இதனை எரபது என்பார்கள். இது பூத்துக் குயிலும் கூவிவிட்டால் புத்தாண்டு நெருங்கிவிட்டது என்பது அவர்கள் கணக்கு.

நான் கமராவை உயர்த்தியதும் அம்மா குறுக்கே வந்தார்.

"உதையேன் படம் பிடிக்கிறாய் பிள்ளை? உது கதியால் மரமெல்லே."

யாழ்ப்பாணத்தில் கிளுவைக்கும் பூவரசுக்கும் நடுவே வேலிக் கதியாலாக ஊன்றப்படும் மரத்துக்கு இவ்வளவு மரியாதையா என்பது அவருடைய வியப்பு. பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவராக, "உன்ர கலியாணத்துக்குக் கன்னிக்கால் நட்டதும் உதிலை ஒரு தடிதான்" என்றார். தாலிக்குப் பொன்னுருக்கிய நாளன்று நட்ட அந்தத் தடிக்கு மஞ்சள் பூசியது நினைவிருக்கிறது. அது என்ன மரமென்று அன்றைக்கு நான் கேட்கவேயில்லை.

தேன்சிட்டு ஒன்று வந்து பூங்கொத்தில் தலைகீழாகத் தொங்கியது. வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தும், ஏழு படங்களில் வால் மட்டுமே கிடைத்தது. எட்டாவதில் சிட்டின் அலகு பூவுக்குள் இருந்தது. பிற்பகல் இடி இடித்து மழை கொட்டியபோது, வீட்டிலிருந்தபடியே இரண்டு படங்களை ரொறன்ரோவுக்கு அனுப்பினேன்: சுதந்திர சதுக்கத்து ரொபரோசியா ஒன்று, முள்முருக்கு மற்றது.

முதற்படத்தைப் பற்றி மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதுக்கு மறுமொழி உடனே வந்தது: "இது எங்கட கிணத்தடி வேலியில நிண்ட மரமெல்லே?"