நோஸ்கே: மூக்குக்கென்று கட்டப்பட்ட பூச்செண்டு

பூக்களைச் சேர்த்துக் கட்டியதற்கு ஆங்கிலத்தில் எத்தனையோ பெயர்கள் இருந்தும், நம்மில் பெரும்பாலோருக்குப் பழகியது 'பொக்கே' ஒன்றுதான். மேடையில் விருந்தினருக்குக் கொடுப்பதும் பொக்கே, நோயாளியின் தலைமாட்டில் வைப்பதும் பொக்கே. அண்மையில் பழைய ஆங்கிலக் கதை ஒன்றை வாசித்தபோது 'நோஸ்கே' என்ற சொல் எதிர்ப்பட்டது. அகராதி 'சிறு பூச்செண்டு' என்று இரண்டே சொற்களில் முடித்துக்கொண்டது. பொக்கேயும் பூச்செண்டு, இதுவும் பூச்செண்டு என்றால் இரண்டு பெயர்கள் எதற்கு என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தவற்றுள் பயனுள்ளவை என்று தோன்றியவற்றை எழுதி வைக்கிறேன்.

சொல்லைப் பிரித்தாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது. முன்பாதியான 'நோஸ்' மூக்குதான். பின்பாதியான 'கே' 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாகவும் வழங்கி, கண்ணைக் கவரும் அழகுப் பொருளை, அலங்காரச் சிறுபொருளைக் குறித்தது. தன்பாலீர்ப்பைக் குறிக்கும் இன்றைய பொருள் மிகவும் பிற்காலத்தது என்பதால் அதை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை. ஆக, மூக்குக்கு வாய்த்த அழகுப் பொருள் என்பதே நோஸ்கே. ஒரே சொல்லாக, இடையில் கோடு இல்லாமல் எழுத வேண்டும். அழுத்தம் முதல் அசையில் விழும். நடுவில் வரும் 'ஸ்' சற்று அதிர்ந்து ஒலிக்கும். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை.

பார்ப்பதற்காக அன்றி முகர்வதற்காகக் கட்டப்பட்ட செண்டு இது என்பதுதான் மையச் செய்தி. (முகர்ந்தாலே வாடிவிடும் என்று சொல்லப்படும் அனிச்சத்தை வைத்து ஒரு நோஸ்கேயும் கட்ட முடியாது.) எனவேதான் இதில் பூக்களுக்கு இணையாக லாவெண்டர், ரோஸ்மேரி, தைம் போன்ற மணமுள்ள தழைகளும் இடம்பெற்றன. கழிவுநீர் தெருவிலேயே ஓடிய பழைய ஐரோப்பிய நகரங்களில் துர்நாற்றத்தை மறைக்க இது உதவியது என்பது உண்மையே ஆயினும், அதைவிட வலுவான காரணம் ஒன்று இருந்தது. கெட்ட காற்றே நோயைக் கொண்டுவருகிறது என்று மருத்துவர்கள் உட்பட எல்லோரும் அக்காலத்தில் நம்பினார்கள். அப்படி நம்பியவர்களுக்கு மூக்கருகே பிடித்த நறுமணம் அலங்காரம் அல்ல, தற்காப்பு.

லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் கதை இதற்கு நல்ல சான்று. அதை ஒட்டியிருந்த நியூகேட் சிறையிலிருந்து கைதிகள் விசாரணைக்கு அழைத்து வரப்பட்டபோது அவர்களோடு சிறைக்காய்ச்சலும் வந்தது. 1750ஆம் ஆண்டு அந்தக் காய்ச்சலுக்கு லண்டனின் லார்ட் மேயரும் இரண்டு நீதிபதிகளும் உட்பட ஏறத்தாழ 60 பேர் பலியானார்கள். மணமூட்டும் தழைகளை மன்றத்தில் தூவுவதும், நீதிபதிகள் கையில் நோஸ்கே ஏந்தி அமர்வதும் இந்த அச்சத்தோடு பிணைந்த வழக்கங்கள். சிறைக்காய்ச்சல் என்று அவர்கள் அழைத்தது டைஃபஸ் என்னும் தொற்றுநோய். அதைப் பரப்புவது காற்று அல்ல, உடல் பேன் என்பது 1909இல் பிரெஞ்சு மருத்துவ ஆய்வாளர் ஷார்ல் நிக்கோல் கண்டறிந்த பிறகே தெளிவாயிற்று. அதாவது, பூக்கள் அவர்களைக் காப்பாற்றவே இல்லை. ஆனாலும் வழக்கம் நின்றுவிடவில்லை. அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஆண்டின் குறிப்பிட்ட சில நாட்களில் இன்றும் பூச்செண்டு ஏந்தி வருகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று முதியோருக்கு நாணயம் வழங்கும் சடங்கில் பிரித்தானிய அரசர் கையில் இருப்பதும் நோஸ்கேதான். காரணம் போன பின்னும் சடங்கு நிற்பது உலகெங்கும் காணக்கூடியதே என்றாலும், பெயரும் சேர்ந்து நின்றுவிட்டதுதான் எனக்குச் சுவையாகப் பட்டது.

இதன் உறவுக்காரச் சொற்களையும் பார்த்துவிடலாம். 'பொக்கே' 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது. சிறு தோப்பு என்பதே அதன் பழைய பொருள். மணத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் பிறந்த அந்தச் சொல்தான் பின்னாளில் திராட்சை மதுவின் நறுமணத்துக்குப் பெயராயிற்று. மூக்கைத் தன் பெயரிலேயே சுமந்த நோஸ்கேக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை. 'போஸி' என்பது கவிதையைக் குறிக்கும் 'போயஸி' என்பதன் சுருக்கம். மோதிரத்தில் பொறிக்கும் ஒரு வரிப் பாட்டைக் குறித்து, பிறகு பூங்கொத்துக்கு மாறியது. பாமாலை என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தப் பாய்ச்சல் வியப்பளிக்காது. பெண்கள் மார்பிலோ மணிக்கட்டிலோ அணியும் 'கோர்சாஜ்' உடலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. தலைக்குக் கண்ணி, மார்புக்குத் தார் என்று இடம் பார்த்துப் பெயரிட்ட மொழி நம்முடையது ஆகையால், ஆங்கிலத்தின் இந்தப் பாகுபாடு நமக்கு எளிதில் பிடிபட வேண்டும்.

இனி, பயன்பாடு. நோஸ்கே எண்ணக்கூடிய பெயர்ச்சொல். இன்ன பூவால் ஆன நோஸ்கே என்று சொல்ல 'ஆஃப்' என்னும் முன்னிடைச்சொல்லைச் சேர்ப்பார்கள். அன்றாடப் பேச்சில் இது பழமை தட்டிய சொல். பிறந்தநாளுக்கு வாங்கிய நீண்ட காம்பு ரோஜாக்களை நோஸ்கே என்றால் கேட்பவர் புருவத்தை உயர்த்துவார். வரலாற்றுக் கதைகளிலும் சடங்கு வருணனைகளிலும் அது இயல்பாக அமரும். திருமண மலர் அலங்காரக்காரர்களிடம் மட்டும் அது இன்னும் தொழிற்சொல்லாக உயிரோடு இருக்கிறது. ஒரு கையில் அடங்குவதாய், காம்புகளைக் குறுக வெட்டி, உருண்டையாக நெருக்கிக் கட்டிய செண்டை அவர்கள் அப்படி அழைக்கிறார்கள். அங்கே மணம் கட்டாயமில்லை, வடிவமே அடையாளம்.

தமிழாக்கம் செய்யும்போது 'மணச்செண்டு' என்று எழுதலாமா என்று யோசித்தேன். திருமணச் செண்டு என்று படித்துவிடும் ஆபத்து அதில் உண்டு. எனவே கதையில் மூக்குக்கு வேலை இருக்கும் இடத்தில் 'வாசனைச் செண்டு' என்றும், வெறும் அளவைச் சொல்லும் இடத்தில் 'கைச்செண்டு' என்றும் எழுதுவதாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.