அனுபவத்துக்குச் சான்றிதழ்: புதுச்சேரியில் ஒரு ஹவுஸ்கீப்பிங் தேர்வு

புதுச்சேரி ஒயிட் டவுனில் பழைய பிரெஞ்சு வீடொன்றை மாற்றியமைத்த விருந்தினர் இல்லத்தில் அறை பராமரிப்பு வேலை பார்த்துவந்த நான், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு அதே வேலைக்கு விண்ணப்பித்தேன். நான் அனுபவத்தைச் சொன்னேன். அவர்கள் சான்றிதழைக் கேட்டார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மூத்த அக்காமார்களைப் பார்த்தே தொழில் பழகிய என்னைப் போன்றவர்களுக்காகவே ஆர்.பி.எல். (Recognition of Prior Learning, முன்கற்றலை அங்கீகரித்தல்) என்று ஓர் ஏற்பாடு இருப்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஏற்கெனவே வேலையில் கற்றதைச் சோதித்துப் பார்த்து அங்கீகரிப்பதே அதன் நோக்கம். 2015ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் அதுவும் ஒரு பகுதி. நான் சேர்ந்தது அத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில்.

பதிவுக்கு ஆதார், வங்கிப் பாஸ்புக், புகைப்படம் ஆகியவை போதும் என்றார்கள். ஆனால் ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னாலும் பாஸ்புக்கில் முன்னாலும் இருந்ததால், அதைச் சரிசெய்யக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பேருந்தில் அலைந்ததுதான் இந்த முழு வேலையிலும் எனக்குச் சலிப்பூட்டிய பகுதி. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பயிற்சி என்று சொல்லத்தக்கது மொத்தம் 12 மணி நேரம்தான். அதில் பாதி தொழில் சார்ந்தது. மீதி, விருந்தினரிடம் பழகும் முறையும் தேர்வு எப்படி நடக்கும் என்ற விளக்கமும். புதிதாக வேலை கற்க வருபவருக்கு இது எந்த வகையிலும் போதாது. ஆனால் வேலை தெரிந்தவருக்கு, சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் துறைக்கான திறன் கவுன்சில் வகுத்திருக்கும் தொழில் தர வரையறையைக் கையில் வாங்கிப் படிக்க அந்த நேரமே உதவியது. கதவைத் தட்டுவது முதல் டிராலியைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது வரை, ஓர் அறைப் பணியாளர் செய்ய வேண்டிய ஒவ்வொன்றும் அதில் தனித்தனி வாக்கியமாக எழுதப்பட்டிருக்கிறது. மதிப்பெண்ணும் அந்த வாக்கியங்களுக்கே பிரித்துக் கொடுக்கப்படுகிறது. இவற்றோடு, சுகாதாரம், பணியிடப் பாதுகாப்பு, பெண்களையும் முதியவர்களையும் நடத்தும் முறை என்று இத்துறையின் பல வேலைகளுக்கும் பொதுவான பகுதிகளும் உண்டு. அவற்றுள் அறிவுசார் சொத்துரிமையும் ஒன்று. கழிவறை கழுவுபவருக்கு இது எதற்கு என்று வகுப்பில் சிரித்தார்கள். விருந்தினரின் மேசையில் விரிந்து கிடக்கும் காகிதங்களைப் படிக்கவோ படம் எடுக்கவோ கூடாது என்பதும் அதற்குள் அடங்கும் என்று பயிற்றுநர் விளக்கியபோதும் பாதிப் பேருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

தேர்வெடுக்க வந்தவர் பயிற்சி மையத்தைச் சேர்ந்தவர் அல்லர். மதிப்பீட்டுக்கென்று தனியாக உள்ள நிறுவனம் அனுப்பியவர். கற்பித்தவரே மதிப்பெண் போடக்கூடாது என்ற இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே பட்டது. எழுத்துத் தேர்வு டேப்லெட்டில் சரியான விடையைத் தொட்டுத் தெரிவு செய்வதாக இருந்தது. அது விரைவில் முடிந்துவிட்டது. செய்முறைத் தேர்வுதான் நேரமெடுத்தது. “தினமும் செய்யறத அப்படியே செய்யுங்கம்மா. ஆனா ஏன் அப்படிச் செய்யறீங்கன்னு சொல்லிக்கிட்டே செய்யுங்க” என்றார் அவர். எங்கள் வேலையில் யாரும் பேசிக்கொண்டே படுக்கை விரிப்பதில்லை.

கதவைத் தட்டி, “ஹவுஸ்கீப்பிங்” என்று சொல்லி, காத்திருந்து, மறுபடி தட்டி, பதிலில்லாதபோது கதவைச் சிறிதே திறந்து மீண்டும் ஒருமுறை குரல் கொடுத்து உள்ளே போனேன். பழைய விரிப்புகளை உருவியதும் மின்விசிறியையும் மேல்மட்டத்தையும் துடைத்தேன். படுக்கையை விரித்த பிறகு விசிறியைத் துடைத்தால் தூசி புது விரிப்பின்மேல் விழும் என்று காரணம் சொன்னேன். மெத்தை உறையைச் சரிசெய்து, அடிவிரிப்பைப் போட்டு, மூலைகளை 45 பாகை கோணத்தில் மடித்துச் செருகினேன். மேல்விரிப்பை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்ததற்கு, தலைமாட்டில் மடிக்கும்போது அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்பதே காரணம். தலையணை உறையின் திறந்த வாய் கதவைப் பார்க்கக்கூடாது என்பதையும் சொன்னேன். அது பார்வைக்கு நன்றாக இருக்கும் என்பதற்கு மேல் அதற்கொரு காரணம் எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

குளியலறையில்தான் கேள்விகள் கூடின. எங்கள் தொழிலில் துப்புரவுத் திரவங்களை ஆர் 1, ஆர் 2 என்று எண்ணால்தான் அழைப்போம்: கண்ணாடிக்கு ஆர் 3, கழிவறைக் கோப்பைக்கு ஆர் 6. கோப்பைக்குள் முதலில் திரவத்தை ஊற்றி ஊறவிட்டு, அதற்குள் கண்ணாடியையும் கைகழுவும் தொட்டியையும் முடித்து, கடைசியில் தரையைப் பின்னோக்கித் துடைத்தபடி வெளியே வர வேண்டும். கோப்பைக்கு உரிய சிவப்புத் துணி வேறெதையும் தொடக்கூடாது. அமிலம் கலந்த திரவத்தையும் பிளீச்சையும் ஏன் ஒன்றாக ஊற்றக்கூடாது என்று கேட்டார். மூச்சைத் திணறடிக்கும் குளோரின் வாயு கிளம்பும் என்றேன்.

அடுத்து, குழாய்களில் படியும் வெள்ளைக் கறையைப் பற்றிக் கேட்டார். கடலோரத்து உப்புத் தண்ணீருக்கு அது அன்றாடத் தொல்லை. அமிலத் திரவம்தான் அதைக் கரைக்கும். ஆனால் எங்கள் இல்லத்தின் தரை ஆத்தங்குடிக் கல், சுவர் சுண்ணாம்புப் பூச்சு. இரண்டிலும் அமிலம் பட்டால் மேற்பரப்பு அரித்து, பளபளப்பு போய்விடும். எனவே திரவத்தைத் துணியில் எடுத்துக் குழாயில் மட்டும் தடவி, உடனே நீரால் கழுவிவிடுவோம் என்றேன். துப்புரவுப் பொருளைத் தேர்ந்தெடுக்குமுன் மேற்பரப்பைப் பார் என்று வரையறை சொல்கிறது. ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் என் கண்முன் வந்தது டைல்ஸ் பதித்த, ஒரே மாதிரியான அறைகள் வரிசையாக உள்ள பெரிய ஹோட்டல்தான். நூறாண்டு கடந்த வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கும் ஊருக்கு, சுண்ணாம்புச் சுவரையும் மரச் சட்டத்தையும் பேணுவது தனிப் பாடமாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தேர்ச்சி பெற்றேன். சான்றிதழும், வங்கிக் கணக்கில் 500 ரூபாயும் வந்தன. சான்றிதழைப் பார்த்த பிறகும் அந்த ஹோட்டலில் ஓர் அறையைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொன்னார்கள். செய்தேன், வேலை கிடைத்தது. தொடக்கச் சம்பளம் மற்றவர்களுக்கு உள்ளதேதான். ஆக, அந்தத் தாள் என்னை வாசலுக்குள் விட்டது, அவ்வளவே. உள்ளே வந்தபின் எனக்கு உதவியது தேர்வறையில் வாய்விட்டுச் சொல்லிப் பழகிய காரணங்கள்தான். புதிதாக வரும் பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை மேற்பார்வையாளர் சில மாதங்களிலேயே என்னிடம் விட்டார்.

இத்தேர்வுக்குப் போக நினைப்பவர்கள் இரண்டைக் கவனிக்கலாம். சான்றிதழ்களை நிலை எண் கொடுத்துத் தரம்பிரிக்கும், 2013இல் அறிவிக்கப்பட்டபோது 10 படிநிலைகளாக இருந்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, 2023இல் 8 படிநிலைகளாகத் திருத்தப்பட்டது. பழைய சான்றிதழில் உள்ள நிலை எண்ணும் இப்போதைய எண்ணும் ஒன்றாக இராமல் போகலாம் என்பதால், மேற்பார்வையாளர் நிலைக்கு விண்ணப்பிக்குமுன் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மற்றொன்று, தர வரையறைகள் தேசியத் தகுதிப் பதிவேட்டின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மையத்தில் கொடுக்கும்வரை காத்திராமல் முன்பே இறக்கி, உங்கள் வேலையை அதன் வரிகளோடு வைத்துப் பார்த்து, எந்த வரிக்குக் காரணம் சொல்ல வரவில்லையோ அதைக் குறித்துக்கொண்டு போங்கள்.