காலை ஆறு மணிக்கே பாய்லர் ஓடினால் கூரையில் பேனல் எதற்கு?

பாய்லர் என்றதும் நம்மில் பலருக்குக் குளியலறை மூலையில் விறகு தின்னும் செம்புப் பாய்லர்தான் கண்முன் வரும். இங்கே பேச்சு பிரிட்டன் வீடுகளின் சமையலறைச் சுவரில் தொங்கும் கேஸ் பாய்லரைப் பற்றி. அதோடு கூரையில் வெந்நீர்ப் பேனல் (மின்சாரம் தரும் சோலார் அல்ல), மாடி அலமாரியில் ஒரு வெந்நீர் டேங்க். ஒரு பானைக்கு இரண்டு அடுப்பு. எந்த அடுப்பை முதலில் மூட்டுவது என்பதில்தான் லாபமும் நஷ்டமும்.

எனர்ஜி சேவிங் டிரஸ்ட் என்ற பிரிட்டனின் எரிசக்திச் சிக்கன அமைப்பு 2011ல் பிரிட்டன், அயர்லாந்தில் 88 வீடுகளை அளந்து பார்த்தது. வீட்டு வெந்நீரில் சூரியனின் பங்கு ஒரு வீட்டில் 9%, இன்னொன்றில் 98%. நடுவில் நிற்கும் வீட்டுக்கு 39%. பாய்லரை எந்த நேரத்தில் ஓட்டினார்கள் என்பது இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒரு பெரிய காரணம்.

கணக்கு எளிது. 100 லிட்டர் நீரை 8.6 டிகிரி ஏற்ற 1 யூனிட் (கிலோவாட் மணி) வேண்டும். 250 லிட்டர் டேங்கை 15லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 13 யூனிட். தெற்கு பார்த்த 4 சதுர மீட்டர் பேனல் ஜூன் மாதத்து நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 9, 10 யூனிட் தரும். காலையில் எல்லோரும் குளித்து முடித்ததும் டேங்க் அடியில் குளிர்ந்த நீர் நிரம்பும். சூரியனுக்கு வேண்டியது அந்தக் குளிர்நீர்தான். பேனல் 30 டிகிரியில் வேலை செய்யும்போது கிடைக்கும் பயன் 70 டிகிரியில் கிடைக்காது. ஏழு மணிக்கே பாய்லர் டேங்கைச் சுட வைத்துவிட்டால், பத்து மணிக்கு வரும் வெயிலுக்கு வேலை இல்லை.

அதனால் பாய்லர் டைமரை மாலை 4 மணிக்குப் பிறகு ஒரு மணி நேரம் வையுங்கள், தெர்மோஸ்டாட் 60. வெயில் ஏற்கெனவே 60ஐத் தொட்டிருந்தால் பாய்லர் தானாகவே பேசாமல் இருக்கும். காலைக் குளியலுக்கு முந்தைய மாலையின் நீர் போதும், டேங்கின் காப்பு நன்றாக இருந்தால்.

டேங்குக்குள் நீரைச் சுட வைக்கும் இரண்டு குழாய்ச் சுருள். அடியில் சோலார் சுருள், அதற்கு மேல் பாய்லர் சுருள். பாய்லரால் தொட முடியாத, சூரியனுக்கு மட்டும் ஒதுக்கிய அடிப்பகுதி, ஒரு சதுர மீட்டர் பேனலுக்குக் குறைந்தது 25 லிட்டராவது இருக்க வேண்டும். 4 சதுர மீட்டருக்கு 100 லிட்டர். 250 லிட்டர் டேங்கில் மேலே 140, கீழே 110 என்று பிரிந்தால் சரியாக இருக்கும். பழைய ஒற்றைச் சுருள் டேங்கிலேயே இரண்டையும் ஒட்டவைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அடிவரை பாய்லரே ஆக்கிரமித்துக்கொள்ளும்.

வெப்பச் சேமிப்பு டேங்க் என்பது வேறு வகை. அதில் நிற்பது ரேடியேட்டரில் ஓடும் அதே நீர். குழாய்க்குப் போகும் நீர் தட்டு வெப்பமாற்றி வழியாக ஓடும்போதே சுடும். குடிநீர் தேங்காததால் லெஜியோனெல்லா (வெதுவெதுப்பான நீரில் வளரும் நோய்க் கிருமி) பயம் குறைவு. ஆனால் குழாயில் 50 டிகிரி வர, டேங்கின் மேல்பகுதி 65, 70ல் நிற்க வேண்டும். டேங்கிலிருந்து பாய்லருக்குத் திரும்பும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் பாய்லர் புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அந்த வெப்பத்தையும் மீட்கும். முழு டேங்கையும் 70ல் வைத்திருந்தால் பாய்லருக்கும் கெடுதல், பேனலுக்கும் கெடுதல். விறகு அடுப்பும் சேரும் வீட்டுக்கு இந்த டேங்க் பொருந்தும். வெறும் கேஸும் 4 சதுர மீட்டர் பேனலும் என்றால் இரட்டைச் சுருள் டேங்கே போதும் என்பது என் கட்சி. டிசம்பரில் அந்தப் பேனலை நம்பி ரேடியேட்டர் ஓட்டுவதெல்லாம் ஆசை மட்டுமே.

பேனலுக்கும் டேங்கின் சோலார் சுருளுக்கும் நடுவே ஓடும் சோலார் சுற்றில் சில விஷயங்களில் சிக்கனம் பார்க்கவே கூடாது. பம்ப் நின்ற நாளில் தட்டைப் பேனல் 180 டிகிரியைத் தாண்டும், கண்ணாடிக் குழாய்களால் ஆன வெற்றிடக் குழாய்ப் பேனல் 200க்கு மேல் போகும். அதனால் பிளாஸ்டிக் குழாய் கூடாது; 15 மிமீ செம்புக் குழாய். பேனல் அருகே ஈயப் பற்று உருகிவிடும், பற்று வைக்காமல் நட்டை முறுக்கி இறுக்கும் பித்தளை கம்ப்ரஷன் இணைப்பு போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் சாம்பல் நிற நுரைக் காப்பும் உருகும். உயர்வெப்ப இபிடிஎம் ரப்பர் வாங்கி, வெளியே இருக்கும் பகுதிக்கு உலோக உறை போடுங்கள். இல்லையென்றால் பறவைகள் கொத்திக் கூடு கட்டிக்கொள்ளும்.

உள்ளே ஓடுவது, குளிரில் உறையாமல் இருக்க, 40% புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த நீர். கலந்தே வரும் 20 லிட்டர் கேன் ஒன்று போதும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் வகை விஷம், பக்கத்திலேயே வைக்காதீர்கள். அழுத்தத்துக்கு ஒரு கைக்கணக்கு: பேனலின் உயரத்தில் மீட்டருக்கு 0.1 பார், அதோடு கூட 1 பார். பேனல் 6 மீட்டர் உயரத்தில் இருந்தால் குளிர்ந்த நிலையில் 1.6 பார். சூட்டில் விரியும் திரவத்துக்கு இடம் தரும் விரிவுக் கலனின் காற்றழுத்தம் அதைவிட 0.3 குறைவாக, 1.3. இதை நிரப்புவதற்கு முன்பே காற்று கேஜ் வைத்துப் பாருங்கள். தொழிற்சாலையில் வைத்த அழுத்தத்தை அப்படியே விட்டுவிடுவதால் கோடையில் 6 பார் பாதுகாப்பு வால்வு கக்குவதும், பிறகு சுற்று காற்று வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. பேனலுக்கும் அந்த வால்வுக்கும் நடுவில் மூடும் வால்வு எதுவும் இருக்கக் கூடாது. வால்வின் வாயை ஒரு கேனுக்குள் விடுங்கள். எவ்வளவு கக்கியது என்று அதுவே சொல்லும்.

நிரப்புவது விடியற்காலையில், அல்லது பேனலைப் போர்வையால் மூடிவிட்டு. பம்ப் வைத்து அரை மணி நேரமாவது சுற்ற விடுங்கள், நுரை அடங்கும் வரை. உச்சியில் தானியங்கி காற்று வால்வு இருந்தால் வேலை முடிந்ததும் அதன் அடியிலுள்ள மூடும் வால்வை மூடிவிட வேண்டும். மறந்தால் நீராவி அதன் வழியே போய்விடும். ஓட்டம் நிமிடத்துக்கு 2 முதல் 4 லிட்டர்.

கன்ட்ரோலர் பேனலையும் டேங்கின் அடியையும் ஒப்பிடும். வித்தியாசம் 7 டிகிரி வந்தால் பம்ப் ஓடும், 3க்கு இறங்கினால் நிற்கும். கீழ் சென்சார் சோலார் சுருளின் உயரத்தில் இருக்க வேண்டும். அதை மேல் பொந்தில் செருகிவிட்டால், அடியில் நீர் பச்சைத் தண்ணீராகக் கிடக்க, டேங்க் சூடாக இருக்கிறது என்று நினைத்து பம்ப் தூங்கும். சந்தேகம் வந்தால் மல்டிமீட்டர் போதும்: பிடி1000 வகை வெப்பச் சென்சார் 20 டிகிரியில் 1078 ஓம், 60ல் 1232 ஓம் காட்டும்.

பேனல் 110, டேங்க் 40, பம்ப் சத்தமும் கேட்கிறது, ஆனால் ஓட்டம் இல்லை என்றால் காற்று அடைத்திருக்கிறது. இரவு பத்து மணிக்குப் பேனல் வெளிக்காற்றைவிட நல்ல சூடாக இருந்தால், திரும்பா வால்வு (ஓட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது) கசிந்து டேங்கின் வெப்பம் கூரை ஏறுகிறது.

கோடையில் டேங்க் 80ஐத் தொடக்கூடும், ஆகவே குழாய்க்கு முன், குளிர்ந்த நீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் கலவை வால்வு கட்டாயம். லண்டன், கென்ட் பக்கத்துச் சுண்ணாம்பு நீருக்குக் கன்ட்ரோலரின் உச்ச வரம்பை 70க்குள் வையுங்கள். சுருளில் படிவு ஏறுவது குறையும். லெஜியோனெல்லா வளராமல் இருக்க, வாரம் ஒருமுறை அடிப்பகுதி உட்பட முழு டேங்கும் 60 டிகிரி காண வேண்டும். வெயில் அதைச் செய்யாத வாரங்களில், மேலிருந்து கீழே நீரைச் சுற்றும் சிறு பம்ப் ஒன்றை பாய்லர் நேரத்தோடு ஓட விடுங்கள்.

டேங்க் இல்லாத காம்பி பாய்லரா? கூரையில் ஏறும் முன் அதன் கையேட்டைப் பிரியுங்கள். சுடுநீர் உள்ளே வருவதைச் சில மாடல்கள் ஏற்கும், சில ஏற்காது. ஏற்காததோடு இணைத்தால் உத்தரவாதம் போகும். கேஸ் பக்க வேலைக்கு கேஸ் சேஃப் (பிரிட்டனின் கேஸ் வேலைக்காரர் பதிவேடு) பதிவு உள்ளவர், அழுத்த டேங்குக்கு ஜி3 (அந்த டேங்க் பொருத்துவதற்கான) தகுதி உள்ளவர். இந்த இரண்டிலும் கைவைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை கிளைக்காலின் பிஎச் பார்ப்பதை நீங்களே செய்யலாம். 7க்குக் கீழே போனாலோ, நிறம் கறுத்துப் புளித்த வாடை அடித்தாலோ, முழுதாக வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.