செயலி யாருடைய கணக்கில் வெளிவர வேண்டும்?

திருப்பூர் பனியன் நிறுவனங்களுக்கும் ஈரோட்டு ஜவுளிக் கடைகளுக்கும் கைப்பேசிச் செயலி செய்து தருவது என் தொழில். செயலியை ஆப்பிள், கூகுள் செயலிக் கடைகளில் வெளியிட அங்கே ஒரு கணக்கு வேண்டும். விலை பேசி முடித்ததும் பலரும் கேட்பது, "உங்க கணக்குலயே ஏத்தி உட்டுருங்க தம்பி, நமக்கெதுக்குங்க அந்தத் தொந்தரவு" என்பதே. நான் அதற்கு இணங்குவதில்லை.

ஒரு பெயருக்கும் சின்னத்துக்கும் உரியவரோ அவரிடம் உரிமம் பெற்றவரோதான் செயலியைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று ஆப்பிளின் 5.2.1ஆம் விதி சொல்கிறது. ஆயத்த வார்ப்புருவில் (டெம்ப்ளேட்) செய்த செயலியென்றால், 4.2.6ஆம் விதிப்படி உள்ளடக்கத்துக்கு உரியவரே நேரடியாகச் சமர்ப்பிக்க வேண்டும். கட்டணமும் பெரிதன்று, ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர், கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர். ஆனால் தனி உரிமையாளர் நடத்தும் கடையை ஆப்பிள் தனிநபராகவே சேர்த்துக்கொள்வதால், விற்பனையாளர் என்ற இடத்தில் கடைப்பெயர் வராமல் உரிமையாளரின் சொந்தப் பெயரே வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

உண்மையான சிக்கல் வணிகச் சின்னம் யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான். அப்பா தம் சொந்தப் பெயரில் சின்னத்தைப் பதிந்திருப்பார். இன்று தொழிலை நடத்துவது மகன்கள் தொடங்கிய பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருக்கும். சட்டத்தின் கண்ணில் இவை இரண்டும் வெவ்வேறு ஆட்கள் என்பதால், அப்பா கையெழுத்திட்ட உரிமக் கடிதமோ உரிமை மாற்றுப் பத்திரமோ இல்லாமல் நிறுவனத்தின் கணக்கில் அந்தப் பெயரை ஏற்றுவது முறையாகாது. நம் பக்கத்தில் பாகம் பிரிக்கும்போது தோட்டம், கிணற்றுப் பங்கு, மின் இணைப்பு வரை எழுதிக்கொள்கிறார்கள். பிராண்டுப் பெயர் யாருக்கு என்பதை மட்டும் பல இடங்களில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அண்ணன் செயலி வெளியிட்டபின் தம்பி ஆட்சேபித்தால், செயலிக் கடைகள் குடும்ப வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. செயலி நீக்கப்படும் ஆபத்தே மிஞ்சும். ஆகவே பதிவுச் சான்றிதழைப் பார்க்காமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை. பதிவு 10 ஆண்டுகளுக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும் என்பதால் தேதியையும் பார்க்கிறேன்.

வணிகச் சின்னத்தைப் பொருள், சேவை வகைப்படி பிரித்த வகுப்புகளில்தான் பதிவார்கள்; எந்த வகுப்பில் பதிவு என்பதும் முக்கியம். ஆடைகள் 25ஆம் வகுப்பு. பதிவிறக்கும் மென்பொருள் 9ஆம் வகுப்பு. தம் பனியனை விற்க மட்டும் செயலி வைத்திருப்பவர் அவசரப்பட வேண்டியதில்லை. மென்பொருளையே அந்தப் பெயரில் விற்க நினைப்பவர் 9ஆம் வகுப்பிலும் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் மட்டும் போட்டிருக்கும் நிலையில் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போடச் சொல்கிறவர்களும் உண்டு. பதிவாகாத சின்னத்தைப் பதிவானதாகக் காட்டுவது 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி குற்றம். பதிவாகும் வரை 'டிஎம்' (டிரேட்மார்க்) என்று போட்டால் போதும்.

கணக்கை வாடிக்கையாளர் தம் பெயரில் தொடங்கி, என்னை அதில் ஒரு பயனராகச் சேர்த்தால் என் வேலை நடக்கும். ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் செயலி இருந்தாலும் கவலை வேண்டாம். ஆப்பிள், கூகுள் இரண்டிலும் உரியவர் கணக்குக்கு மாற்றும் வசதி உண்டு, வாடிக்கையாளர்கள் எழுதிய மதிப்புரைகளும் கூடவே வந்துவிடும்.