நான்காவது ஃபவுல்

கூடைப்பந்தில் மூன்றாவது குவார்ட்டர் முடிய இன்னும் மூன்றரை நிமிடம் இருக்கும்போது, ரிங்குக்கு அடியில் நிற்கிற சென்டருக்கு நான்காவது ஃபவுல் விழுந்தால், அவனை உட்கார வைப்பதுதான் வழக்கம். ஐந்தாவதும் விழுந்துவிட்டால் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. கடைசிப் பத்து நிமிடம் ரிங்குக்கு அடியில் நிற்க ஆள் இருக்காது. அன்று ஸ்கோர் மேஜையில் 4 என்ற அட்டை உயர்ந்ததும் மாற்று ஆளை அனுப்பினேன். பதினான்காம் நம்பர் பையன் வந்து உட்கார்ந்தான். கண்ணைக் கோர்ட்டிலிருந்து எடுக்காமலே கேட்டான்:

"அண்ணனா இருந்தா வெளிய எடுத்திருப்பீங்களா சார்?"

"அவன் மூணாவது குவார்ட்டர்லயே நாலு வாங்க மாட்டான்டா."

அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணன் என்று அவன் சொன்னது பழைய சென்டரை. கொடைக்கானலிலிருந்து ப்ளஸ் ஒன் படிக்க, மலைக்குக் கீழே விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்துப் போய்விட்டான். ஆறடி இரண்டு அங்குலம், நீண்ட கை, இடது கைக்காரன். ரிங்குக்கு முதுகைக் காட்டி, அதற்குப் பக்கத்திலேயே போஸ்ட்டில் நிற்பான்; பந்து தோளுக்கு மேலே வரவேண்டும். வாங்கியதும் இடுப்பால் பின்னால் இருப்பவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்துக்கொள்வான். எதிர்ப்பக்கம் ஒரு கால் பின்வைத்துத் திரும்பி, தலைக்கு மேல் ஒரு கையால் வளைத்துப் போடுகிற ஒரு ஹுக். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகிற ட்ரிபிளே கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்த புதியவன் ஐந்தடி பத்தரை. பூம்பாறைப் பக்கம், லீவு நாளில் பூண்டு மூட்டை சுமந்து படிக்கட்டு வயல் ஏறி இறங்குகிற கால். அவன் ரிங்கைப் பார்த்துத்தான் பந்து வாங்குவான். ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் வாங்கி, ஒரே ட்ரிபிளில் உள்ளே புகுந்து, ரிங்குக்குப் பக்கத்தில் எழும்பி லே அப் போட்டுவிடுவான். இரண்டு பேருக்கும் சென்டர் என்றுதான் பெயர். வேலை வேறு.

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அணியின் ஆட்டத்தையே மாற்றி அமைத்தேன். ஒருவனை இன்னொருவனோடு ஒப்பிடக் கூடாது என்று பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறேன். அப்படியிருக்க, பெஞ்சில் வாயில் வந்தது ஒப்பீடுதான். அவன்தான் ஒப்பீட்டோடு கேட்டான், நான் பதில் சொன்னேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அது பாதிதான் சரி.

அந்த நான்கு ஃபவுலையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரித் தெரிகிறது. முதலாவது, ரிங்கில் பட்டுத் திரும்புகிற பந்தை, அதாவது ரீபவுண்டை, எடுக்கத் தாவும்போது முன்னால் நின்றவன் முதுகின் மேல் ஏறியது. அது முழுக்க அவனுடையது. இரண்டாவது ஸ்கிரீனில், அதாவது நம் ஆளுக்கு இடம் கிடைக்க எதிராளியின் வழியை மறித்து நிற்பதில், விழுந்தது. ஸ்கிரீன் போடுகிறவன் மோதல் நடக்கிற நேரத்தில் இரண்டு காலும் தரையில் ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். பந்தை நடத்திக்கொண்டு போகிற எங்கள் பாயின்ட் கார்டு ஒரு எட்டு முன்னாலேயே கிளம்பிவிட்டான். இவன் நின்று முடிக்கவில்லை, எதிராளி வந்து மோதினான், ரெஃப்ரி விசில் ஊதினார். விதிப்படி ஃபவுல் ஸ்கிரீன் போட்டவன் கணக்கில்தான் ஏறும். காத்திருக்காமல் கிளம்பிய கார்டின் பெயர் எந்தத் தாளிலும் ஏறாது.

மூன்றாவதில்தான் பழையவன் இல்லாத குறை நன்றாகத் தெரிந்தது. எதிரணிக்காரன் எங்கள் ஆளைத் தாண்டி உள்ளே வந்தான். இவன் உதவிக்குப் போனபோது அரை நொடி தாமதம். தாமதமாகப் போகிறவன் பந்தை மேலிருந்து கீழே தட்டத்தான் பார்ப்பான், கை எதிராளியின் முன்கையில் படும். நேரத்துக்குப் போகிறவனுக்கு அந்த அவசரம் கிடையாது. இரண்டு கையையும் செங்குத்தாகத் தூக்கி நின்றால் போதும். தன் தலைக்கு மேலுள்ள இடம் அவனுடையது, வந்து மோதுகிறவன் தான் பொறுப்பு. பழையவன் அதைத்தான் செய்வான்.

ஆனால் பழையவனுக்கு நேரத்துக்குப் போகமுடிந்தது அவன் கால் வேகத்தால் இல்லை. அவன் நடையே மெதுவானது. அவன் வாய் ஓயாது. "இடது ஸ்கிரீன்... விடாத... மாத்திக்க... பந்து, பந்து" என்று கடைசி ஆளாக நின்று கத்திக்கொண்டே இருப்பான். கொடைக்கானலில் அந்தக் குரலுக்கு மதிப்பு அதிகம். ஐப்பசி கார்த்திகையில் மதியம் மூன்று மணிக்கெல்லாம் மஞ்சு இறங்கிவிட்டால் கோர்ட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை ரிங் மங்கலாகத்தான் தெரியும். எங்கள் பிள்ளைகள் கண்ணால் ஆடியதைவிட அவன் குரலால் ஆடியதே அதிகம். அவன் போனதும் அந்தக் குரல் போனது. ரிங்குக்கு அடியில் நிற்க ஒரு ஆளைத் தேடிப் பிடித்தோம். கத்துகிற வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை, ஏனென்றால் அது ஒரு வேலை என்றே அதுவரை எழுதி வைத்ததில்லை. முன்னால் நின்ற கார்டுக்கு ஸ்கிரீன் வருவது தெரியவில்லை, அவன் மோதிக்கொண்டான், எதிராளி புகுந்தான், பின்னால் நின்ற புதியவன் ஃபவுல் வாங்கினான். ஒரே சங்கிலி. கடைசிக் கண்ணிக்கு மட்டும் பெயர் விழுகிறது.

நான்காவதும் அதே சங்கிலிதான். காக்கிற ஆளை மாற்றிக்கொண்டதில் இவன் மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே ஒரு கார்டிடம் மாட்டி, கையை நீட்டிப் பந்தைப் பறிக்கப் பார்த்தான். கையை நீட்டியது அவன் தவறு. அங்கே அவனை நிறுத்தியது அவன் தவறில்லை.

அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். யார் எத்தனை புள்ளி, யாருக்கு எத்தனை ஃபவுல், எந்த அணி எப்போது டைம் அவுட் எடுத்தது என்பது இருக்கும். ரீபவுண்டுக்கு அதில் கட்டம் கிடையாது. ஸ்கிரீனுக்கும் கிடையாது, குரலுக்கும் கிடையாது. பழையவனும் புதியவனும் போடுகிற புள்ளி ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, தாளை வைத்து இரண்டு பேரையும் பார்த்தால் வித்தியாசமாக நிற்பது ஃபவுல் ஒன்றுதான். பெற்றோரும் பார்ப்பது அந்தத் தாளைத்தான், தலைமையாசிரியர் பார்ப்பதும் அதைத்தான்.

ரீபவுண்டை ஒரு பையனைத் தனி நோட்டில் குறிக்கச் சொல்வேன். அதிலும் ஒரு சிக்கல். பழையவன் பந்தைத் தேடிப் போகமாட்டான். ஷாட் கிளம்பியதும் திரும்பி, எதிரணியின் பெரிய ஆளை முதுகால் தள்ளி நிறுத்திவிடுவான். பந்து தரையில் விழும், எங்கள் கார்டு எடுத்துக்கொண்டு ஓடுவான். நோட்டில் ரீபவுண்டு கார்டின் பெயருக்கு ஏறும். புதியவன் யாரையும் தடுத்து நிறுத்தாமல் நேரே பந்துக்குத் தாவுவான். அவன் பெயரில் ரீபவுண்டு நிறைய இருக்கும், அணியின் மொத்தத்தில் அது கூடுதலாகத் தெரியாது. அவன் தாவிக் கிடைக்காதபோது அவன் விட்டுப் போன ஆள் காலியாக நிற்பான். நோட்டை நம்பினால் புதியவன் மேல். ஆட்டத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

புதியவனுக்குச் சாதகமான பக்கமும் நோட்டில் ஏறுவதில்லை. பழையவன் ஸ்கிரீன் போட்டால் கால்களைத் தோள் அகலத்துக்கு ஊன்றி, கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, எதிராளி வந்து இடிக்கும்வரை நிற்பான். கார்டுக்கு ஒரு எட்டு இடம் கிடைக்கும், அவன் ஷாட் போட்டுக்கொள்வான். புதியவன் இடி வாங்குவதற்கு முன்பே நழுவி ரிங்கை நோக்கி ஓடிவிடுவான். கார்டுக்கு இடம் கிடைக்காது, ஆனால் இவன் காலியாக உள்ளே இருப்பான். அந்த நேரத்தில் இடுப்புயரத்துக்கு எழும்புகிற ஒரு பவுன்ஸ் பாஸ், அவனுக்கு ஒரு எட்டு முன்னால் விழுந்தால், சுலபமான இரண்டு புள்ளி. எங்கள் கார்டு அண்ணனோடு ஆடிப் பழகியவன். தோளுக்கு மேலே தூக்கிப் போடுவான், அதுவும் ஒரு நொடி கழித்து. பந்து புதியவன் தலைக்கு மேல் போகும். பெஞ்சில் இருப்பவர்கள் "பந்த விட்டுட்டான்" என்பார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது.

தரையும் சேர்ந்துகொள்கிறது. எங்களுடையது திறந்தவெளி சிமென்ட் கோர்ட். மழை தொடர்ந்தால் பாசி பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் தூவி, ஊறவிட்டு, தென்னை விளக்குமாறால் தேய்த்துக் கழுவினாலும் நிழல் விழுகிற மூலையில் வழுக்கத்தான் செய்யும். அங்கே வேகமாகத் திரும்புகிறவனுக்குக் கால் நிற்காது. நின்ற இடத்தில் நிற்கிறவனுக்கு அது பெரிதில்லை. பழையவன் எங்கள் தரைக்குப் பொருந்தியவன், புதியவன் கீழே இருக்கிற காய்ந்த தரைக்குப் பொருந்தியவன். பந்தும் அப்படித்தான். மேலே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் எட்டு பவுண்டு காற்றடித்த பந்து வத்தலக்குண்டு இறங்கும்போது ஒரு பவுண்டுக்கு மேல் தளர்ந்துவிடும். கீழே வெளிக்காற்றின் அழுத்தம் அதிகம், வெயில் சூடு அதைக் கொஞ்சம்தான் ஈடுகட்டும். ஆளுயரத்திலிருந்து விட்டால் பந்து இடுப்புயரத்துக்காவது எழும்ப வேண்டும். கீழே இறங்கியதும் ஊசியை நனைத்துச் செருகிக் காற்றடிக்காமல் வார்ம் அப் செய்தால், ட்ரிபிள் செய்து ஆடுகிறவனுக்குப் பந்து கைக்கு வந்து சேராது. ட்ரிபிளே செய்யாத பழையவனுக்கு இது ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

பெரிய இடத்திலும் இந்தச் சிக்கல் தீர்ந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் டிம் டங்கன் 19 சீசன் ஆடி, 5 சாம்பியன் பட்டம் வாங்கி 2016இல் ஓய்வு பெற்றார். அதே கோடையில் அவர் இடத்துக்குப் பாவ் கசோலைக் கூட்டி வந்தார்கள். அவரும் சாதாரண ஆள் இல்லை, லேக்கர்ஸ் அணியில் இரண்டு பட்டம் வாங்கியவர். டங்கனின் கடைசி சீசனில் 67 வெற்றி, அடுத்த சீசனில் 61. கசோல் அந்த சீசனில் மூன்று பாயின்டர்களில் பாதிக்கு மேல் உள்ளே போட்டார். டங்கன் அரிதாகவே போட்ட ஷாட் அது. நடுவில் இடது கையில் எலும்பு முறிந்து, திரும்பி வந்தபோது பெஞ்சிலிருந்து இறங்கி ஆடினார். 61 வெற்றி குறைவா? 6 குறைந்ததற்கு கசோல் காரணமா? அந்த எண்ணை வைத்து யார் எதையும் நிரூபித்துவிடலாம். பந்து எங்கே வரும் என்று மற்ற நான்கு பேருக்கும் டங்கன் காட்டிக்கொண்டிருந்ததை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

திரும்பத் திரும்ப அந்தப் பதிலுக்கே வருகிறேன். பழையவன் மூன்றாவது குவார்ட்டரிலேயே நான்கு வாங்கிய ஆட்டம் உண்டு. அவனை வெளியே எடுக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அன்று எதிரணியில் உள்ளே புகுகிற கார்டு இல்லை, எல்லாரும் வெளியிலிருந்தே ஷாட் போட்டார்கள். ரிங்குக்கு அடியில் ஃபவுல் விழ வாய்ப்புக் குறைவு. இந்த ஆட்டத்தில் எதிரணியின் கார்டு இரண்டு கையாலும் புகுந்தான். எங்கள் அணிக்கு அந்தக் குவார்ட்டரில் நான்கு ஃபவுல் ஆகியிருந்தது, அடுத்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. இந்த நிலைமையில் யாராக இருந்தாலும் எடுத்திருப்பேன். அதைத்தான் அவனிடம் சொல்லியிருக்கலாம்: "உன்னால இல்லடா, அந்த கார்டால." நாலு சொல்.

அண்ணனாக இருந்தாலும் எடுத்திருப்பேன் என்று இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். எடுத்திருப்பேனா? அவன் "இருக்கேன் சார்" என்று கையைக் காட்டியிருப்பான், விட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அது நம்பிக்கை. நீண்ட நாள் சேர்ந்து ஆடியதில் வந்த நம்பிக்கை. அதைப் புதியவனுக்கு ஒரே சீசனில் எப்படிக் கொடுப்பது? ஆட விடாமல் அது வராது. ஐந்தாவது ஃபவுலில் இழந்தாலும் வராது.

புதியவனை நான்காவது குவார்ட்டரின் நடுவில் இறக்கினேன். ஐந்தாவது ஃபவுல் கடைசிவரை விழவே இல்லை. அதற்குள் அந்த கார்டு உள்ளே புகுந்து புகுந்து ஆட்டத்தைத் தங்கள் பக்கம் கொண்டுபோயிருந்தான். ஐந்தாவது விழுந்தால் ஆள் இருக்கமாட்டானே என்று பயந்து நாமே அத்தனை நிமிடம் ஆள் இல்லாமல் ஆடுகிறோம் என்று சொல்கிற கோச்சுகள் உண்டு. நான்கு ஃபவுலோடு நிற்கிறவன் கையைத் தூக்கவே பயப்படுவான், எதிரணி அவன் மேலேயே புகும் என்பவர்களும் உண்டு. இரண்டும் நடந்து பார்த்திருக்கிறேன்.

இப்போது பயிற்சியில் இரண்டு மாற்றம். தற்காப்பில் கத்துகிற வேலையை இடது ஃபார்வர்டுக்குக் கொடுத்திருக்கிறேன். சத்தம் வராவிட்டால் அந்த ஆட்டத்தை நிறுத்தி மறுபடி முதலிலிருந்து. புதியவன் இரண்டு கையிலும் கைக்கொரு டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டுதான் தற்காப்புப் பயிற்சி செய்கிறான். கை நிறைந்திருந்தால் தட்ட நீளாது, கால் வேலை செய்யும். நான்காவது விழுந்தால் வெளியே எடுக்காமல், முன்னால் இரண்டு பேர் பின்னால் மூன்று பேர் நின்று ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கிற 2-3 ஸோனுக்கு மாறி, அவனை நடுவிலிருந்து பின்வரிசை மூலைக்கு நகர்த்துவதாக ஏற்பாடு. நடுவில் நின்றால் புகுந்து வருகிறவன் எல்லாம் அவன் மேல்தான் வருவான். ஆனால் மூலையில் நிற்கிறவன் மூன்று பாயின்ட் ஷாட் போடுகிறவனை நோக்கி ஓடிப்போய் நிற்கவும் வேண்டும். ஓடிப்போய் நிற்கும்போதுதான் அவன் கை நீளும். இந்த வாரம் முழுக்க அது மட்டும்தான்: ரிங்கிலிருந்து மூலைக்கு ஓட்டம், கடைசி மூன்று எட்டு குட்டி எட்டு, இடுப்பு தாழ்ந்து, ஒரு கை மேலே. இன்னும் மூன்றில் ஒரு தடவை நிற்காமல் போய் இடித்துவிடுகிறான்.