கன்று முட்டி விளையாடத் தொடங்கிய அன்றே நிறுத்தியிருக்க வேண்டும்

சென்ற வாரம், தொட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பிய என்னை, 11 மாதம் நிறைந்த என் காளை இடுப்பில் முட்டி வேலியோடு சேர்த்து நெருக்கியது. கையிலிருந்த வாளியை அதன் முகத்துக்கு நேரே பிடித்தபடி பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்துவிட்டேன். விலாவில் கன்றிப்போன இடம் இன்னும் வலிக்கிறது. அந்தக் காளையின் மீது எனக்குக் கோபம் இல்லை. இரண்டு மாதக் கன்றாக இருந்தபோது அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளி, அது திருப்பி முட்டுவதைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் நாங்கள்தாம். பினாங்கின் பெருநிலப் பகுதியில் வீட்டின் பின்புறம் இரண்டு மூன்று கன்று வளர்க்க எண்ணுகிற தமிழர்கள் இன்னும் பலர் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நிபோங் தெபால் பக்கம், செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக எங்கள் வீடு இருக்கிறது. பால் பண்ணைக்காரருக்குக் கிடாரிக்கன்றுதான் வேண்டும். காளைக்கன்று பாலைக் குடித்துத் தீர்க்கும் சுமை என்பதால் பிறந்த சில நாள்களிலேயே மலிவாகத் தள்ளிவிடுவார். அந்த மலிவைப் பார்த்துத்தான் கூலிம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் மூன்று கலப்பினக் கன்றுகளுக்கு முன்பணம் கொடுத்தேன். கெடாவிலிருந்து பினாங்குக்கு மாடு கொண்டுவர வேண்டுமானால் கால்நடைத் துறையின் அனுமதி வேண்டும். "எல்லாம் தயாரா இருக்கு, வாங்க தம்பி" என்று விற்றவர் சொன்னதை நம்பி லோரியோடு போனேன். அங்கே காதில் அடையாள வில்லையும் இல்லை, அனுமதித் தாளும் இல்லை. வெறும் லோரியோடு திரும்பி, தாள் வந்த பிறகு மறுபடி போய்க் கன்றுகளைக் கொண்டுவந்ததில் வாடகையை இரண்டு முறை கொடுத்தேன். தாளைக் கண்ணால் பார்க்காமல் வண்டிக்குச் சொல்லாதீர்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று பின்னால் வந்தது. கன்றுகள் சீம்பால் குடித்தனவா என்று கேட்டதற்கு, "குடிச்சுச்சு" என்ற ஒரே சொல்தான் பதிலாகக் கிடைத்தது. எப்போது, எவ்வளவு என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் மூன்று லிட்டருக்குக் குறையாமல் சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு நாள் கழிந்துவிட்டால் நோயைத் தடுக்கும் அந்தச் சத்தைக் கன்றின் குடல் ஏற்றுக்கொள்ளாது. தொப்புள் ஈரமாகவோ வீங்கியோ இருந்தால் வாங்கவே கூடாது என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

பால்மாவு வாங்கிய கடையில் கன்றுக்கான மூட்டை தீர்ந்துபோயிருந்தது. பன்றிக்குட்டிக்கான மாவைக் காட்டி, எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். நம்பி வாங்கிவந்தேன். இரண்டும் ஒன்றல்ல. முதல் சில வாரங்களில் கன்றின் வயிறு பால் புரதத்தைத்தான் நன்றாகச் செரிக்கும். சோயா மிகுந்த மாவு அதற்கு ஒத்துக்கொள்ளாது. மூன்றாம் நாளே மூன்றுக்கும் கழிச்சல் கண்டது. கழிச்சலின்போது பாலை நிறுத்த வேண்டும் என்று எங்கள் வீட்டில் சொல்லிவந்த வழக்கப்படி நானும் நிறுத்தினேன். அதனால் உடலில் எஞ்சியிருந்த தெம்பும் போய்விட்டது. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் இரண்டு நொடிக்கு மேல் அப்படியே நிற்பதும், கண் குழி விழுவதும், சப்பும் வலு குறைவதும் நீர் வற்றியதன் அடையாளங்கள். கடைசிக் கன்றிடம் இவை மூன்றையும் பார்த்த பிறகுதான் கால்நடை மருத்துவரை அழைத்தேன். அவர் வந்து சேருமுன் அது என் மடியில் இறந்துவிட்டது. மற்ற இரண்டையும் காப்பாற்றியது அவர் சொன்ன முறைதான்: நல்ல பாலை வழக்கமான வேளைகளில் நிறுத்தாமல் கொடுப்பது, இடைப்பட்ட நேரத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தனியாகக் கொடுப்பது, பாலை 39 டிகிரிச் சூட்டில் ஒவ்வொரு வேளையும் ஒரே அளவில் கரைப்பது. அதன் பிறகு பால் மறக்கடித்துத் தீவனத்துக்கு மாற்றியது வரை தொல்லை எதுவும் இல்லை.

பிழைத்த இரண்டில் சின்னதை இரண்டாம் மாதத்தில் மருத்துவர் இடுக்கி கொண்டு காயடித்தார். பெரியதைக் காயடித்தால் வளர்ச்சி குறையும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதால் விட்டுவிட்டேன். காயடிக்காத காளை வேகமாக எடை போடும் என்பது உண்மைதான், ஆனால் பாட்டிலில் பால் கொடுத்துக் கையில் வளர்த்த கன்றைக் காளையாக விடுவதன் ஆபத்தை அவர் சொல்லவில்லை. மனிதர் கையில் தனித்து வளரும் காளைக்கன்று மனிதரையே தன் இனமாக எண்ணிக்கொள்கிறது; பருவம் வந்ததும் இன்னொரு காளையோடு மோதிப் பார்க்க வேண்டிய வலுவை நம்மோடு மோதிப் பார்க்கிறது. காளைக்கன்றை ஆறு வாரத்துக்குள்ளாகவே மற்றக் கன்றுகளோடு சேர்த்துவிட வேண்டும் என்று மாட்டின் நடத்தையை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டெம்பிள் கிராண்டின் வலியுறுத்துவது இதனால்தான். கழிச்சல் தொற்றும் என்று அஞ்சி நான் இரண்டையும் நான்கு மாதம் வரை தனித்தனியே கட்டிவைத்திருந்தேன்.

முட்டுவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் அது எனக்குப் பலமுறை எச்சரிக்கை கொடுத்திருந்தது. என்னைக் கண்டதும் உடலைக் குறுக்கே திருப்பி முழு நீளத்தையும் காட்டி நின்றது, தலையைத் தாழ்த்தியது, காலால் மண்ணைச் சீய்த்தது. செல்லம் கொஞ்சுகிறது என்று என் மகள் சொன்னாள்; நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த அடையாளங்களில் ஒன்றைக் கண்டாலும் முதுகைக் காட்டாதீர்கள், ஓடாதீர்கள். பார்வையை அதன் மீதே வைத்து மெதுவாக விலகி வெளியேறுங்கள். வேலியில் ஆள் மட்டும் நுழையக்கூடிய 35 சென்டிமீட்டர் இடைவெளி ஒன்று இருந்திருந்தால் எனக்கு இந்தக் காயம் பட்டிருக்காது. இப்போது இரண்டு மூலைகளில் வைத்திருக்கிறேன்.

இனிமேல் காயடித்தாலும் கற்ற பழக்கம் போய்விடும் என்று நம்ப முடியாது, ஆளை முட்டிய காளையைக் குழந்தைகள் நடமாடும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கரைசல் புகட்டிக் காப்பாற்றிய கன்று அது. பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தாரில் ஒருவர் வாங்கிக்கொள்ள இசைந்திருக்கிறார். அவரிடம் அது முட்டியதை மறைக்காமல் சொன்னேன். மாநில எல்லையைத் தாண்ட வேண்டியிருப்பதால், இந்த முறை அனுமதித் தாள் கைக்கு வந்த பிறகே லோரிக்குச் சொல்லியிருக்கிறேன்.