சிகாகோவில் யூ-505: ஏறிப் பார்க்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

சிகாகோ ஜாக்சன் பூங்காவின் கிரிஃபின் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தில், தரைக்கடியில் கட்டிய பெரிய கூடத்தில் நிற்கிறது, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர் பிடித்த ஜெர்மன் நீர்மூழ்கி யூ-505. கப்பலைச் சுற்றி நடந்து பார்க்கலாம். உள்ளே ஏறத் தனிச் சீட்டு வேண்டும். அதை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. வெளியிலிருந்து மட்டும் பார்த்துத் திரும்பினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

முதலில் பின்பக்கம் போய்ச் சுக்கானையும் இரண்டு உந்துவிசிறிகளையும் பாருங்கள். 1944 ஜூன் 4 அன்று, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், அமெரிக்கக் கப்பல் சாட்டலேன் வீசிய ஆழ்நீர் வெடிகுண்டுகளில் இந்தச் சுக்கான் இறுகிப்போனது. கேப்டன் ஹரால்ட் லாங்கெ கப்பலை மேலே கொண்டுவந்து, கைவிடச் சொன்னார். இயந்திரத்தை யாரும் நிறுத்தவில்லை. ஆளில்லாத கப்பல் கடலில் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

பில்ஸ்பரி என்ற இன்னொரு அமெரிக்கக் கப்பலிலிருந்து லெப்டினன்ட் ஆல்பர்ட் டேவிட் தலைமையில் ஒரு சிறு குழு படகில் துரத்திப்போய் ஏறியது. மூழ்கடிப்பதற்காக ஜெர்மானியர் திறந்துவிட்ட வடிகட்டிக் குழாய் வழியே கடல்நீர் பாய்ந்துகொண்டிருந்தது. அதன் மூடி பக்கத்திலேயே கிடந்தது. ஜீனன் லூக்கோசியஸ் என்ற மாலுமி அதை எடுத்துப் பொருத்தி இறுக்கினார். மூடியையும் கடலில் எறிந்திருந்தால் இன்று சிகாகோவில் பார்க்க எதுவும் இருந்திருக்காது. கட்டுப்பாட்டு அறையில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். வெடிவைத்திருப்பார்கள் என்று தெரிந்தே, மூழ்கிக்கொண்டிருந்த கப்பலின் இருட்டுக்குள் இறங்கியவர்கள் அவர்கள். டேவிட்டுக்கு அமெரிக்காவின் உயரிய வீரப் பதக்கம் கிடைத்தது.

அடுத்து மோட்டார் அறை. பிடித்தபின்தான் பெரிய சிக்கல்: பின்பகுதி தாழ்ந்து கிடந்தது, பம்புகளை ஓட்ட பேட்டரியில் போதிய மின்சாரம் இல்லை. பொறியாளர் ஏர்ல் ட்ரொசினோ, டீசல் இயந்திரங்களை, உந்துவிசிறிகளைச் சுழற்றும் உந்துதண்டிலிருந்து பிரித்துவிட்டார். பிறகு வடம் கட்டி வேகமாக இழுத்தபோது தண்ணீரே உந்துவிசிறிகளைச் சுழற்றியது. மின் மோட்டார்கள் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை ஏற்றின. அந்த மின்சாரத்தில் பம்புகள் ஓடின, கப்பல் நிமிர்ந்தது. டீசல்களை இணைத்தபடியே விட்டிருந்தால் தண்டு சுழலும்போது அவற்றையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியிருந்திருக்கும். இந்தப் போரில் எனக்குத் தெரிந்த மிக அழகான பொறியியல் யோசனைகளில் இது ஒன்று.

பிடிபடுவதற்கு முன்பே யூ-505 நிறைய அடிபட்டிருந்தது. எட்டுக் கப்பல்களை மூழ்கடித்தது, எல்லாமே 1942-இல். கடைசியாக 'ஓஷன் ஜஸ்டிஸ்', நவம்பர் 7. மூன்றே நாளில் டிரினிடாட் அருகே ஒரு பிரிட்டிஷ் ஹட்சன் போர்விமானம் தாழப் பறந்து குண்டு போட்டது. குண்டு மேல்தளத்திலேயே வெடித்ததில் விமானமும் சிதறியது. பிரான்ஸின் லோரியான் துறைமுகம் வரை ஊர்ந்து வந்த கப்பலைச் சீர்செய்ய மாதக்கணக்கானது. 1943 அக்டோபரில், குண்டுமழைக்கு நடுவே, அப்போதைய கேப்டன் பீட்டர் ஷெக் கப்பலுக்குள்ளேயே தன்னைச் சுட்டுக்கொண்டார். துணை அதிகாரி பால் மேயர் பொறுப்பேற்று ஊர் சேர்த்தார்.

கப்பலிலிருந்த, ரகசியச் செய்திகளைக் குறியீடாக மாற்றும் எனிக்மா கருவியும் குறியீட்டுப் புத்தகங்களும் அமெரிக்கர் கைக்கு வந்தது ஜெர்மனிக்குத் தெரிந்தால் குறியீடுகள் மாறிவிடும். அதனால் யூ-505-ஐ அருகிலிருந்த துறைமுகங்களுக்குக் கொண்டுபோகாமல், அட்லாண்டிக் குறுக்கே பெர்முடாவுக்கு இழுத்துப்போனார்கள். ஜூன் 19-இல் சேர்ந்தது. கப்பலைப் பிடித்த அமெரிக்க மாலுமிகள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. உயிர் பிழைத்த 58 ஜெர்மானியர் லூயிசியானாவின் ரஸ்டன் முகாமில் மற்றக் கைதிகளோடு கலக்காமல் தனியே வைக்கப்பட்டனர்.